ஸ்லைடு 43 என்று கேட்டால் எந்தக் கல்?

காரைக்குடியில் டி.டி.பி. வேலை செய்துவரும் எனக்கு, ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தரையில் பதிக்கும் தம்முடைய பூக்கற்களின் மாதிரிப் படங்களைத் தொகுத்துத் தரும் வேலையைக் கொடுத்தார். ஒரு ஸ்லைடுக்கு ஒரு கல், தலைப்பில் அச்சின் எண்ணும் அளவும் என்று பவர்பாயிண்ட்டில் 125 ஸ்லைடுகளைத் தயாரித்து, பிஎன்ஜி படங்களாக மாற்றிக் கொடுத்தேன். எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு, ஸ்லைடு1, ஸ்லைடு2 என்று பவர்பாயிண்ட் தானாகவே பெயர் வைத்துவிடும். வேறு பெயர் கேட்பதற்கு அந்தச் சேமிப்புப் பெட்டியில் இடம் கிடையாது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் பெயர் மாறாமல் போகும் என்பதால், வாடிக்கையாளர்களும் அந்தப் பெயரையே சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள்.

நடுவில் ஒரு புதிய மாதிரியைச் சேர்த்ததுதான் நான் செய்த பிழை. அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஓர் எண் தள்ளிப்போயின. கானாடுகாத்தான் வீடு ஒன்றிலிருந்து பழைய படத்தைப் பார்த்து 43 கேட்டார்கள். பட்டறையில் புதிய 43ஐ ஊற்றிவிட்டார்கள். "தம்பி, அந்த ஆச்சி கேட்டது சங்கிலிப் பூ, தொட்டியில ஊறிக்கிட்டு இருக்கிறது நட்சத்திரம். சிமென்ட்டைத் திரும்பக் கரைக்கவா முடியும்?" என்று அண்ணன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்த கற்கள் அவை.

126 பெயர்களையும் கையால் மாற்ற உட்கார்ந்து, முப்பதைத் தாண்டுவதற்குள் இரண்டு இடங்களில் தவறியதால், அந்த வேலையைப் பவர்பாயிண்ட்டே தானாகச் செய்யவைக்கும் சிறு நிரலான மேக்ரோவை எழுதத் துணிந்தேன். ஆல்ட்டையும் எஃப்11ஐயும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் பகுதியில் பத்து வரிகூட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஸ்லைடாகப் போய், அதன் தலைப்பை எடுத்து, எக்ஸ்போர்ட் கட்டளைக்குக் கோப்பின் பெயராகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அகலத்தையும் உயரத்தையும் அதிலேயே குறிப்பிடலாம் என்பதால், வழக்கமாக வரும் 1280க்கு 720 பிக்சலை 1920க்கு 1080 ஆக்கிக்கொண்டேன்.

முதல் ஓட்டம் முதல் ஸ்லைடிலேயே நின்றது. "பூ 17/8 அங்குலம்" என்று நான் தட்டியிருந்த தலைப்பில் உள்ள சாய்கோட்டை, விண்டோஸ் கோப்புறைப் பிரிவாக எடுத்துக்கொண்டது. அதைச் சிறுகோடாக மாற்றியதும் சில ஸ்லைடுகள் ஓடி, மீண்டும் ஓரிடத்தில் நின்றது. அந்தத் தலைப்பில் தவறான குறி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் விழித்த பிறகுதான், இடம் போதாமல் ஷிஃப்ட்டுடன் என்டர் தட்டித் தலைப்பை இரண்டு வரியாக மடக்கியிருந்தது நினைவுக்கு வந்தது; அந்த மடிப்பும் ஓர் எழுத்துதான், கோப்பின் பெயரில் அதற்கு அனுமதி இல்லை. குறியீட்டிற்குள் "ஆத்தங்குடி" என்று தமிழில் தட்டியபோது வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. ஸ்லைடிலிருந்து எடுக்கும் தமிழ் அப்படிச் சிதையாததால், அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன்.

கடைசியில் தடையின்றி ஓடி முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் படங்கள் 123. ஒரே அச்சில் நிறத்தை மட்டும் மாற்றி ஊற்றிய கற்களுக்கு ஒரே தலைப்பு இருந்ததால், பின்னால் வந்த படம் முன்னதன் மேலேயே எழுதப்பட்டு, ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் போயிருந்தது. நின்றுபோன பிழைகளைவிட இதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஸ்லைடு எந்த இடத்துக்குப் போனாலும் மாறாத அடையாள எண் ஒன்றை, 256இல் தொடங்கி, பவர்பாயிண்ட் உள்ளுக்குள் வைத்திருக்கிறது. அதைப் பெயரின் இறுதியில் ஒட்டியதும் 126 படங்களும் வந்துவிட்டன.

பழைய படங்கள் இன்னும் பலருடைய போனில் இருக்கின்றன. ஆகவே பழைய எண்ணுக்கு எதிரே அச்சு எண்ணை எழுதிய தாள் ஒன்றைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். "ஸ்லைடு" என்று யாராவது தொடங்கினால், அண்ணன் முதலில் அந்தத் தாளைத்தான் பார்க்கிறார்.