சாமி கும்பிடக் கற்றுக்கொடுப்பதா, விட்டுவிடுவதா

பிள்ளைகளைச் சாமி கும்பிட வைத்து வளர்ப்பதா, வளர்ந்து அவர்களாக முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவதா என்ற பேச்சே ஊரில் இருந்தவரை எங்கள் வீட்டில் வந்ததில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அந்த வேலையைத் தெருவே பார்த்துக்கொண்டது. மார்கழியில் விடியும் முன்பே ஒலிபெருக்கி அலறும், ஆடி வந்தால் கூழ் ஊற்றுவார்கள், கார்த்திகையில் பக்கத்து வீட்டு அண்ணன் திடீரென்று கறுப்பு வேட்டிக்கு மாறிச் 'சாமி' ஆகிவிடுவார், இந்தப் பக்கம் பாங்கு, அந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். என் கணவர் வளர்ந்தது பெரியார் படம் மாட்டிய வீட்டில். மாமனாருக்கும் மாமியாருக்கும் நடந்தது சுயமரியாதைத் திருமணம், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டப்படி செல்லும் என்று ஆக்கினாரே, அந்த முறையில். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு மாரியம்மன் பாட்டு அத்தனையும் மனப்பாடம், கோயில் ஸ்பீக்கர் அவர் படித்த அறையின் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தார்களாம். நம்புகிறோமோ இல்லையோ, எது என்ன என்று தெரிந்துவிடும்.

ஜெர்மனிக்கு, டோர்ட்முண்டுக்கு, குடிவந்த பிறகுதான் தெரு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது புரிந்தது. இங்கே நான் விளக்கேற்றவில்லை என்றால் என் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதே சமயம், 'எங்களுக்கு மதமெல்லாம் முக்கியம் இல்லை' என்று நழுவவும் முடியாது, அரசாங்கமே கேட்கிறது. வீடு பிடித்ததும் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள், அந்தப் படிவத்தில் மதத்துக்கும் ஓர் இடம் உண்டு. காரணம் வரி. கத்தோலிக்க, எவாஞ்சலிக்கல் (இங்கே புராட்டஸ்டன்ட் சபையை அப்படித்தான் சொல்வார்கள்) திருச்சபைகளின் உறுப்பினர்களிடமிருந்து அரசே தேவாலய வரி வசூலித்துக் கொடுக்கிறது: பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். (சம்பளத்தில் 9 சதவீதம் இல்லை, கட்டும் வரியில் 9 சதவீதம். முதல்முறை கேட்டபோது எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது.) நாகர்கோவில்காரர் ஒருவர், ஞாயிறு பூசை தவறாதவர், உள்ளதை உள்ளபடி கத்தோலிக்கர் என்று எழுதிவிட்டு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து முழித்தார். சபையிலிருந்து விலகினால் வரி போய்விடும், அதற்கு எங்கள் மாநிலத்தில் நீதிமன்றத்தில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் விலகவில்லை. காணிக்கைதானே, மாசாமாசம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். இந்துக்களான எங்களுக்கு அந்த வரி இல்லை.

அப்புறம் பிள்ளைகளின் மழலையர் பள்ளி, கிட்டா. இங்கே நிறைய கிட்டாக்களைத் திருச்சபைகள்தான் நடத்துகின்றன, இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால் யார் நடத்துகிறார்கள் என்று பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். அதையொட்டி ஒரு மாலையில் காகித விளக்குகளைக் கையில் ஏந்திக் குழந்தைகள் தெருவில் ஊர்வலமாகப் போவார்கள், குதிரைமேல் ஒருவர் செந்நிறப் போர்வையோடு முன்னால் போவார். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்த வீரர் மார்ட்டின். என் மகள் அந்தக் கதையில் அப்படியே கரைந்துபோய் வீட்டுக்கு வந்தாள். எனக்கு லேசாகச் சுருக்கென்றது, பொய் சொல்வானேன். நம்மிடம் இல்லாத கதையா என்று அன்று இரவே மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை எடுத்துவிட்டேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "மயிலுக்குத்தான் இறகு இருக்கே, அதுக்கு எதுக்கும்மா போர்வை?" என்றாள். கொடைமடம் என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், அஞ்சு வயதுப் பிள்ளையிடம் அது செல்லுபடியாகவில்லை. மார்ட்டின் ஜெயித்தார்.

தொடக்கப் பள்ளியில் சேர்க்கும்போது விஷயம் இன்னும் கெட்டியாகிறது. எங்கள் மாநிலமான நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் அரசு தொடக்கப் பள்ளிகளிலேயே கத்தோலிக்கப் பள்ளி, எவாஞ்சலிக்கல் பள்ளி என்று தனியாக உண்டு. வீட்டுக்கு அருகில் அப்படி ஒரு பள்ளி அமைந்தால், மத வகுப்பில் உட்கார வைக்கிறோம் என்று பெற்றோர் சம்மதித்துத்தான் பிள்ளையைச் சேர்க்க வேண்டியிருக்கும். பொதுப் பள்ளியிலும் மதம் ஒரு முறையான பாடம், 1949-இன் அரசியல் சட்டத்திலேயே 7-ஆவது பிரிவில் இருக்கிறது. அதே பிரிவுதான் பிள்ளை அதில் கலந்துகொள்வதா வேண்டாமா என்பதைப் பெற்றோரிடம் விடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதைவிடப் பழைய இன்னொரு சட்டம், 1921-இல் போட்டது, இன்னும் அமலில் இருக்கிறது: பிள்ளைக்கு 12 வயது ஆகிவிட்டால் அதன் விருப்பத்துக்கு மாறாக வேறு மதத்துக்கு மாற்றி வளர்க்கக் கூடாது, 14 வயதில் எந்த மதம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளலாம். அப்பா அம்மா கையெழுத்தே தேவையில்லை.

இதை வாசித்த அன்று கணவருக்குக் கொண்டாட்டம். "பார்த்தியா, நான் சொன்னதைத்தான் சட்டமே சொல்லுது. பதினாலு வரைக்கும் நாம எதையும் திணிக்க வேண்டாம், அப்புறம் அவளே பார்த்துப்பா." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினாலு வயதில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம் என்றால், எதிலிருந்து தேர்ந்தெடுப்பாள்? நாங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அந்த இடம் காலியாக இருக்கப் போவதில்லை, கிட்டாவும் பள்ளியும் கிறிஸ்துமஸ் சந்தையும் நிரப்பிவிடும். அது கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் 'நடுநிலையாக வளர்த்தோம்' என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது. மொழியைக் கற்றுக்கொடுக்கும்போது வளர்ந்ததும் அவளே எது வேண்டும் என்று பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டா இருந்தோம்? கணவர் விடவில்லை. தமிழ் பேசவில்லை என்றால் நரகத்துக்குப் போவாய் என்று யாரும் பயமுறுத்துவதில்லையே என்றார். அது நியாயம்தான், அதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை.

அந்தப் பேச்சிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன்: பயம் காட்டுவதில்லை. எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் 'சாமி கண்ணைக் குத்தும்' என்பாள். எல்லாரும் கேட்டு வளர்ந்ததுதான், யாருக்கும் கண் போகவில்லை, ஆனால் என் பிள்ளைகளிடம் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வராது. அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு, ஊர்க்காரர்கள் கூடும் இடங்களில் அதைப் பேச ஆள் இல்லை. மதத்தைக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தால் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாதியும் கூடவே வந்துவிடும். கடல் தாண்டி வந்தும் பொங்கல் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து 'உங்களுக்கு எந்த ஊரு, குலதெய்வம் எது' என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேள்வி எங்கே போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும் நமக்கும் தெரியும். குலதெய்வத்தின் கதையைச் சொல்லிக்கொடுப்பேன், அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். இதில் எனக்கும் கணவருக்கும் சண்டையே இல்லை.

சரி, என்னதான் கொடுக்கிறேன்? பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு, நெற்றியில் துளி விபூதி, அமாவாசைக்கு அப்பாவை நினைத்து ஒரு கை சோறு. இந்த அமாவாசைச் சோறு பால்கனிக் கம்பியில் வைக்கும்போதுதான் வேடிக்கை. காக்கைகள் எதிர்மரத்தில் இருக்கும், ஆனால் வராது. வந்தது வெள்ளையும் கறுப்புமாக நீள வால் உள்ள ஒரு பறவை, மேக்பை. கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, பருப்பை ஒதுக்கிவிட்டு நெய் பட்ட சோற்றை மட்டும் கொத்தியது. "தாத்தா கலர் மாறிட்டாரா?" என்று மகள் கேட்க, வீடியோ அழைப்பில் இருந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எதுவா இருந்தா என்னடி, பசிக்குத்தானே வந்துச்சு, விரட்டாம விடு." நாத்திகரான என் வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து செல்போனோடு வந்து, மேக்பையும் காக்கைக் குடும்பம்தான், அதனால் சடங்கு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று மகள், "நீ நிஜமாவே தாத்தா வருவார்னு நம்புறியாம்மா?" என்று கேட்டாள். தெரியாது, ஆனா சோறு வைக்காம எனக்குச் சாப்பிடப் பிடிக்கல என்றேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது, அல்லது அவளுக்கு அதற்குள் கார்ட்டூன் நேரம் ஆகிவிட்டது.

கோயில் வேண்டும் என்றால் பக்கத்திலேயே ஹாம் நகரம், உவென்ட்ராப் பகுதியில் காமாட்சி அம்பாள் கோயில். ஈழத் தமிழர்கள் கட்டியது, 2002-இல் குடமுழுக்கு ஆனது. தொழிற்பேட்டை நடுவே, கிடங்குகளையும் லாரிகளையும் தாண்டிப் போனால் திடீரென்று கோபுரம். கோடையில் வரும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனம் வரும், காவடி, அங்கப்பிரதட்சணம், கற்பூரக் குவியல், எல்லாம் உண்டு. சிறுசுகளுக்கு அது ஒரு அதிர்ச்சி. அவர்கள் பார்த்திருந்த சாமி சமையலறை அலமாரிக்குள் அடங்கும் சாமி, இது தெருவை அடைத்துக்கொண்டு வரும் சாமி. நான் வாயால் எவ்வளவு சொல்லியும் வராதது அன்று வடம் பிடித்ததில் வந்தது. அங்கே போர்க் காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்தபோது எங்கள் வாதமே கொஞ்சம் வசதிக்காரர்களின் வாதமாகத் தெரிந்தது. பிள்ளைக்கு மதம் தேவையா என்று நாங்கள் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறோம், அவர்கள் கையில் மிஞ்சியதே அது என்று கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

அதே மனிதர்களில் பலர் ஆகஸ்டில் கேவலார் போகிறார்கள், டச்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மாதா திருத்தலம். தமிழ்க் கத்தோலிக்கர்களின் யாத்திரை, ஆனால் இந்துக்களும் திரளாகப் போவார்கள், புடவையும் மல்லிகைப் பூவுமாக மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஜெர்மன் பக்கத்து வீட்டம்மாவிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் நீங்கள் எந்த மதம் என்று குழம்பிப்போனார். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு என்று விளக்கினேன். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. என் பிள்ளைகளுக்கு ஒரு மதத்தைக் கொடுக்கிறேன் என்றால் இந்தப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் கொடுக்க ஆசை.

மகள் அடுத்து ஐந்தாம் வகுப்பு, புதுப் பள்ளி. அங்கே மதப் பாடம் வேண்டாதவர்களுக்கு 'ப்ராக்டிஷே ஃபிலோசோஃபி' என்று ஒரு வகுப்பு இருக்கிறது, எது நியாயம், எப்படி வாழ்வது என்றெல்லாம் மதம் சாராமல் பேசுவார்கள். கணவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும், எனக்கும் சரி என்றுதான் பட்டது. அவளோ தோழி கத்தோலிக்க வகுப்பில் சேர்கிறாள், நானும் அங்கேதான் என்று ஒரு வாரமாகப் பிடிவாதம். மார்ட்டின் கதை சொன்ன ஊராச்சே. சட்டப்படி இன்னும் நாலு வருஷம் நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வருஷம் போய்ப் பார்க்கட்டும், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்ற நிலைக்கு நான் வந்துவிட்டேன், கணவர் பாதி வந்திருக்கிறார். மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது வீட்டில் ஓடும் பேச்சு. மாமியாருக்குத் தெரியும், அவர் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார்.