அசெம்பிளி கோப்பு யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

சாலிட்வொர்க்ஸ் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் பலர் சேர்ந்து ஓர் இயந்திரத்தை வடிவமைக்கும்போது எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை, பாகங்களை ஒன்றுசேர்த்துக் காட்டும் அசெம்பிளி கோப்பு எதைச் சேமிக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வருபவை என்பது என் உறுதியான எண்ணம். தனிக் கோப்பின்றி அசெம்பிளிக்குள்ளேயே சேமிக்கப்படும் விர்ச்சுவல் பாகங்களைத் தவிர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு பாகக் கோப்பும் எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறது என்ற சுட்டியும், பாகங்களைப் பிணைக்கும் மேட்களுமே அதன் சாரம்.

ஆகவே, ஒரு மேட்டை மாற்றுவதற்கு பிடிஎம் என்னும் கோப்பு மேலாண்மை மென்பொருளின் பெட்டகத்திலிருந்து அசெம்பிளியை மட்டும் செக்-அவுட் செய்தால், அதாவது பிறர் மாற்ற முடியாதபடி தன் பெயரில் எடுத்துக்கொண்டால் போதும். பாகங்களையும் சேர்த்து எடுத்துப் பிறர் வேலையை முடக்கத் தேவையில்லை. ஆனால் அசெம்பிளிக்குள் இருந்தபடியே ஒரு தகட்டின் துளையைப் பக்கத்துத் தண்டின் விட்டத்தோடு தொடர்புபடுத்தி வரைந்திருந்தால், தண்டை மாற்றுபவர் தகட்டின் கோப்பையும் மாற்றுகிறார். அந்தத் தகடு இன்னொருவரின் செக்-அவுட்டில் இருக்குமானால், திரையில் புதிய துளை தெரிந்தாலும் அதைத் தகட்டின் கோப்பில் சேமிக்க இயலாது. வடிவம் முடிவானதும் இத்தகைய வெளித் தொடர்புகளைப் பூட்டிவிடுமாறு இளம் பொறியாளர்களிடம் நான் வலியுறுத்துவது இதனால்தான்.

சாதாரணப் பகிர்வுக் கோப்புறையில் விண்டோஸ் வழியாகப் பாகத்தின் பெயரை மாற்றினால் அசெம்பிளியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பிடிஎம் பெட்டகத்துக்குள் மாற்றினால் சுட்டிகளும் புதுப்பிக்கப்படும்.

விடுப்பில் சென்றவரின் செக்-அவுட்டை நிர்வாகி விலக்கலாம் என்றாலும், அவருடைய கணினியில் மட்டும் உள்ள மாற்றங்கள் பெட்டகத்துக்கு வந்து சேரா. ஆகையால், வேலை பாதியில் நின்றாலும் மாலையில் செக்-இன் செய்து, அதாவது கோப்பைப் பெட்டகத்தில் திருப்பி வைத்து, எது மீதமிருக்கிறது என்பதைக் குறிப்பில் எழுதிவிட்டுச் செல்லுமாறு எங்கள் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.