திரவப் படிகத் திரையும் மின்முனையின் வடிவமும்

புதிய மானிட்டர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் பிக்சல் எண்ணிக்கையைச் சொல்வார், ஹெர்ட்ஸைச் சொல்வார், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஐ.பி.எஸ். (இன்-பிளேன் சுவிட்சிங், அதாவது தளத்துக்குள்ளேயே திருப்புதல்) என்ற மூன்றெழுத்தையும் சுட்டிக்காட்டுவார். அந்த மூன்றெழுத்து குறிப்பது புதிய வேதிப்பொருளை அன்று, புதிய விளக்கையும் அன்று. உள்ளே இருக்கும் மூலக்கூறுகளை மின்புலம் எந்தத் திசையில் திருப்புகிறது என்பதையே அது குறிக்கிறது. அந்தத் திசையைத் தீர்மானிப்பதோ மின்னழுத்தத்தைச் செலுத்தும் கடத்தியான மின்முனையின் வடிவமும் அது அமைந்திருக்கும் இடமும்தான். திரவப் படிகத் திரையின் முன்னேற்றத்தில் மூலக்கூறுகளை உருவாக்கிய வேதியியலாளர்களின் பங்கு பெரிது. ஆனால், சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள மின்முனைக் கோடுகளை இடம் மாற்றிப் போட்டவர்களின் பங்கும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் கருத்து.

சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் மார்ட்டின் ஷாட்டும் வுல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக்கும் 1970இல் காப்புரிமை கோரிய டி.என். (ட்விஸ்டட் நெமாட்டிக்) திரை அமைப்பில் மின்முனைக்கென்று தனி வடிவமைப்பு ஏதும் தேவைப்படவில்லை. இரண்டு கண்ணாடித் தட்டுகளின் உட்புறத்திலும் இண்டியம் டின் ஆக்சைடு என்னும் ஒளிபுகும் கடத்தியைப் பூசி, இடையே திரவப் படிகத்தை, அதாவது திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம்போல் ஒழுங்காக நிற்கும் பொருளை, நிரப்பினால் போதும். மின்னழுத்தம் கொடுத்தவுடன் புலம் தட்டுகளுக்குச் செங்குத்தாக அமைகிறது. படுத்திருந்த மூலக்கூறுகள் எழுந்து நிற்க முயல்கின்றன. அவை நிற்கும் நிலையைப் பொறுத்தே திரையைக் கடந்து வரும் ஒளி கூடுகிறது அல்லது குறைகிறது. சிக்கல் இடைநிலையில்தான் இருக்கிறது. சாம்பல் நிறத்தைக் காட்டுவதற்கு மூலக்கூறுகள் பாதி எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போது, அந்தச் சாய்வின் பக்கமிருந்து பார்ப்பவருக்கு ஒரு தோற்றமும் எதிர்ப்பக்கமிருந்து பார்ப்பவருக்கு வேறொரு தோற்றமும் கிடைக்கின்றன. பழைய மடிக்கணினியின் மூடியை அதிகமாகப் பின்னால் சாய்த்தால் முகங்கள் எதிர்மறைப் படம்போல் மாறிவிடும் கோளாறு இதிலிருந்து பிறந்ததே.

இதை மின்முனையைத் தொடாமலே ஓரளவு சரிசெய்ய முடிந்தது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும் 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிக நிலையை அடையும் என்று கண்டறிந்தார்கள். (இவர் சி.வி. ராமனின் சகோதரி மகன். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறொருவர்.) அத்தகைய மூலக்கூறுகளைப் பூசிய தாளைத் திரையின் மேல் ஒட்டி டி.என். திரையின் பார்வைக் கோணத்தைப் பின்னாளில் விரிவாக்கினார்கள். நல்ல தீர்வுதான், எனினும் அது நோய்க்குறியைத் தணித்ததே தவிர நோயைத் தொடவில்லை.

நோயைத் தொட வேண்டுமானால் மூலக்கூறுகள் எழுந்து நிற்கவே கூடாது. படுத்த நிலையிலேயே பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அதற்குப் புலம் தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், அதாவது இரு மின்முனைகளும் ஒரே தட்டில் அமைய வேண்டும். ஒன்றோடொன்று கோத்த இரண்டு சீப்புகளின் பற்களைப்போல நேர், எதிர் மின்முனைகளை அடுத்தடுத்து வரையும் யோசனை 1970களிலேயே பேசப்பட்டது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குந்தர் பவுரும் உடன்பணியாளர்களும் 1990இல் இதற்கு விரிவான காப்புரிமை கோரினார்கள். அதைத் தொழிற்சாலையில் செய்யத்தக்க திரையாக 1990களின் நடுவில் மாற்றியது ஜப்பானின் ஹிட்டாச்சி. இதுவே ஐ.பி.எஸ்.

பார்வைக் கோணம் விரிந்தது, ஆனால் வெளிச்சம் குறைந்தது. பற்களுக்கு இடைப்பட்ட பகுதியில் புலம் கிடைமட்டமாக இருப்பதால் அங்கே மூலக்கூறுகள் திரும்புகின்றன. பல்லின் நேர் மேலே புலம் செங்குத்தாக இருப்பதால் அங்குள்ளவை ஏறக்குறைய அசைவதே இல்லை. எனவே பற்கள் இருக்கும் இடமெல்லாம் பிக்சலில் பயனற்ற பரப்பாகிவிட்டது. பற்களை விலக்கி வைத்தால் ஒளி கூடும். ஆனால் மூலக்கூறைத் திருப்பத் தேவையான மின்னழுத்தம் பற்களின் இடைவெளிக்கு நேர் விகிதத்தில் ஏறும். பற்களை நெருக்கினால் மின்னழுத்தம் இறங்கும், பரப்போ வீணாகும். இந்த இழுபறிக்குள் பொறியாளர்கள் சில ஆண்டுகள் சிக்கிக் கிடந்தார்கள்.

தென் கொரியாவின் ஹூண்டாய் எலக்ட்ரானிக்ஸில் லீ சுங் ஹீயும் குழுவினரும் 1998இல் வெளியிட்ட கட்டுரை அந்த இழுபறியின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தியது. பற்களின் இடைவெளி திரவப் படிகத் தடிமனைவிட அதிகமாக இருந்தால்தான் புலம் ஒழுங்காகக் கிடைமட்டமாக அமையும் என்று அதுவரை கருதப்பட்டது. அவர்கள் இடைவெளியைப் பூஜ்ஜியமாகவே ஆக்கினார்கள். கீழே பிக்சல் முழுவதும் பரவிய ஒளிபுகும் பொது மின்முனை, அதன்மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனுள்ள மின்காப்புப் படலம், அதற்கும் மேலே பிளவுகள் விட்ட, ஒளிபுகும் பிக்சல் மின்முனை. இந்த அமைப்பில் புலக்கோடுகள் ஒவ்வொரு பல்லின் விளிம்பிலிருந்தும் கிளம்பி, வளைந்து, பிளவின் வழியாகக் கீழே உள்ள பொது மின்முனைக்கு இறங்குகின்றன. விளிம்போரப் புலம் என்பது அதுவரை வடிவமைப்பாளர்கள் ஒழிக்க நினைத்த தொல்லை. அதையே இவர்கள் வேலைக்காரனாக்கினார்கள். எஃப்.எஃப்.எஸ். (ஃப்ரிஞ்ச் ஃபீல்டு சுவிட்சிங், விளிம்போரப் புலத்தால் திருப்புதல்) என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே.

இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. சமச்சீர் காரணமாகப் பல்லின் நடுமையத்திலும் பிளவின் நடுமையத்திலும் கிடைமட்டப் புலம் இங்கேயும் இல்லை. அப்படியிருந்தும் அங்குள்ள மூலக்கூறுகள் திரும்புகின்றன, ஏனெனில் விளிம்பில் திரும்பிய மூலக்கூறுகள் தம் அண்டை மூலக்கூறுகளை மீள்விசையால் இழுக்கின்றன. அந்த இழுப்பு சில மைக்ரான் தூரமே எட்டும். பல்லின் அகலம் மூன்று மைக்ரான் அளவில் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. அகலம் கூடினால் நடுவில் இருண்ட கோடு விழும். மின்முனையின் அளவைத் திரவத்தின் மீள்தன்மை தீர்மானிக்கிறது என்பதே இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். போதாதற்கு, இரண்டு மின்முனைகளும் நடுவே உள்ள மின்காப்புப் படலமும் சேர்ந்து தாமாகவே மின்தேக்கியாகிவிடுவதால், பிக்சலுக்கென்று தனியாக ஒளிபுகா மின்தேக்கியை அமைத்து இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. கைப்பேசித் திரைக்கு இது பெரிய வரவு. பெரிய தொலைக்காட்சியில் அதே மின்தேக்கி சுமையாகிறது, ஏனெனில் ஒவ்வொரு பிக்சலையும் குறித்த நேரத்துக்குள் மின்னேற்றுவது கடினமாகிறது.

நல்ல உருப்பெருக்கி ஒன்று கையில் இருந்தால் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துத் திரையைப் பார்க்கலாம். பழைய டி.என். திரையில் சிவப்பு, பச்சை, நீலச் செவ்வகங்கள் நேராக நிற்கும். ஐ.பி.எஸ். வகைத் திரைகள் பலவற்றில் ஒவ்வொரு செவ்வகமும் நடுவில் ஒடிந்து அம்புமுனைபோல் இருக்கும். சில கைப்பேசிகளில் ஒரு வரிசை இடப்பக்கமும் அடுத்த வரிசை வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். இது அலங்காரம் அன்று. மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே பக்கம் திரும்பினால், அவற்றின் நீளவாக்கில் பார்ப்பவருக்கு வெள்ளை நீலம் பாய்ந்தும், குறுக்குவாக்கில் பார்ப்பவருக்கு மஞ்சள் படிந்தும் தெரியும். மின்முனையை ஒடித்து வரைந்தால் பாதி மூலக்கூறுகள் வலஞ்சுழியாகவும் மீதி இடஞ்சுழியாகவும் திரும்ப, நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

பிளவின் கடைக்கோடியில் இன்னொரு தொல்லை இருக்கிறது. அங்கே புலம் வளைந்து திசை மாறுவதால் சில மூலக்கூறுகள் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகின்றன; இரு வகையும் சந்திக்கும் எல்லையில் கருங்கோடு தோன்றுகிறது. விரலால் திரையை அழுத்தும்போது அந்தக் கோடு பிக்சலின் உள்ளே நகர்ந்து, விரலை எடுத்த பிறகும் தடமாக நின்றுவிடக்கூடும். பிளவின் முனையை மட்டும் கூடுதல் கோணத்தில் மடக்கி வரைந்தால் கோடு ஓரத்திலேயே கட்டுண்டுவிடும். தொடுதிரையில் விரலால் தேய்த்தும் படம் கலையாமல் இருப்பதில் இந்தச் சிறு மடக்கலுக்கும் பங்குண்டு. மூலக்கூறுகள் நின்ற நிலையில் தொடங்கும் வி.ஏ. (வெர்ட்டிகல் அலைன்மென்ட்) வகைத் திரைகளிலும், மின்முனையில் வெட்டிய பிளவுகளே மூலக்கூறுகள் எந்தெந்தப் பக்கம் சாய வேண்டும் என்று வழிகாட்டுகின்றன. அதை விரித்தால் தனிப் பதிவாகிவிடும்.

மின்முனையால் எளிதில் தீர்க்க முடியாததாக நெடுநாள் கருதப்பட்டது வேகம். மின்னழுத்தத்தை நிறுத்தியதும் மூலக்கூறுகள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் திரவத்தின் பாகுத்தன்மையையும் தடிமனின் இருமடியையும் பொறுத்தது. பற்களின் இடைவெளிக்கு அதில் நேரடி இடமில்லை. ஆனால் மெய்நிகர் தலையணிகளுக்கான திரைகளில் இந்த விதியையும் மின்முனையால் வளைத்திருக்கிறார்கள். மிகக் குறுகிய பிளவுகளை அமைத்து, அடுத்தடுத்த சிறு பகுதிகளில் மூலக்கூறுகள் எதிரெதிராகத் திரும்பும்படி செய்தால், இரண்டுக்கும் நடுவே எப்பக்கமும் திரும்பாத மூலக்கூறுகள் ஒரு சுவராக நின்றுவிடுகின்றன. திரும்பியவற்றைப் பக்கவாட்டிலிருந்தும் அந்தச் சுவர்கள் இழுப்பதால், திரும்பும் நேரத்தைத் தட்டுகளின் இடைவெளியோடு சுவர்களின் இடைவெளியும் தீர்மானிக்கத் தொடங்குகிறது. எஃப்.எஃப்.எஸ். குழு 1998இல் எந்த அசையாப் பகுதியை ஒழிக்கப் பாடுபட்டதோ, அதையே இவர்கள் வேகத்துக்காக வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். விலை வழக்கம்போல ஒளியில்தான். சுவர் நிற்கும் இடம் இருண்டே இருப்பதால், பின்விளக்கு அதற்கேற்பக் கூடுதலாக எரிய வேண்டும்.