தாத்தா இறங்கிய குழி

கடலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாத்தா சொல்லிச் சொல்லியே கோலார் தங்கவயலின் வழியெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் தென்னாற்காடு, வடாற்காடு பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகச் சுரங்க வேலைக்குப் போனார்கள், தாத்தா பிறந்ததே அங்கேதான். போன மாதம் ஒருவழியாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

பங்காருப்பேட்டையில் மாரிகுப்பம் ரயில் ஏறினால் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று வரிசையாகத் தாத்தாவின் கதையில் வரும் பெயர்களே ஸ்டேஷன்களாக வருகின்றன. அப்புறம் சயனைடு மேடுகள். பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண் அது, மழை அறுத்து அறுத்து ஆழமான பள்ளம் பள்ளமாக நிற்கிறது. கொஞ்சம் காற்றடித்தாலே பறந்து வந்து பல்லில் நறநறக்கிறது. அதை ஒட்டியே வீடுகள், துணி காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதை இப்படியே விட்டிருக்கவே கூடாது.

கீழே இறங்க வழியில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள், பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது. நம்ம நெய்வேலியிலும் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரிக்கே போக முடியும், ஆனால் அது திறந்த பள்ளம், எட்டிப் பார்த்தால் தெரியும். இது 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்.

அதனால் கீழே உள்ளதைத் தாத்தா சொல்லித்தான் பார்க்க வேண்டும். கயிற்றில் தொங்கி இறங்கும் இரும்புக் கூண்டான கேஜில் நெருக்கியடித்து நின்றால் காது அடைத்துக்கொள்ளுமாம், ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு மாறி இன்னும் ஆழம் போக வேண்டுமாம். அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், மேலிருந்து குளிர்காற்றை அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். எல்லாவற்றையும்விட ஏர் பிளாஸ்டுக்குத்தான் பயம். மேலே உள்ள பாரம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். அலமாரியில் தட்டுகள் குலுங்கினால் பாட்டி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, தாத்தா வரும்வரை அங்கேயே நிற்பாராம்.

வேலிக்கு வெளியே நின்று கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்தை மட்டும் போட்டோ எடுத்தேன். வீட்டில் காட்டியதும் தாத்தா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சக்கரம் இருக்குடா. கயிறு எங்கே?"