கடைசி பஸ்ஸுக்கு முன்

ஜனவரி 9

காற்று. காலை பஸ் ரத்து. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன். நாளை வரச் சொன்னார்கள். குரலில் வியப்பே இல்லை.

ஜனவரி 10

இன்று வந்தது. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் இருக்கும் இந்தக் கிராமத்தின் ஓனிஷிபெட்சு பஸ் நிலையம் முன்பு ரயில் நிலையமாக இருந்த இடம். தென்போகு ரயில் பாதையை 1989 மே 1 அன்று மூடிவிட்டார்கள், 148.9 கிலோமீட்டர். அதன் பழைய சாமான்களை ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வராத ரயிலின் பெயர்ப்பலகைகளைப் படிக்கலாம்.

ஏறும்போது எண் போட்ட சீட்டு ஒன்றை இழுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநரின் தலைக்கு மேலே பலகையில் ஒவ்வோர் எண்ணுக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். என் எண்ணின் கீழே தொகை மாறும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ செய்கிறது. மருத்துவமனை இருக்கும் வக்கனாய் நகரம் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஸோயா முனையில் சுற்றுலாக்காரர்கள் இருவர் ஏறினார்கள். நாட்டின் வடகோடியைப் பார்த்துவிட்ட நிறைவு முகத்தில் தெரிந்தது. 43 கிலோமீட்டருக்கு அப்பால் ரஷ்யாவின் சகலின் தீவு. இன்று பனிமூட்டத்தில் எதுவும் தெரியவில்லை.

இறங்கும் இடத்தில் மானம் போனது. என்னிடம் பத்தாயிரம் யென் நோட்டு ஒன்றுதான். சில்லறை இயந்திரம் ஆயிரத்தோடு நின்றுவிடும். வண்டி முழுக்கக் காத்திருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை என்பதுதான் இன்னும் மோசம். பின்னால் நின்ற பாட்டி பத்து ஆயிரங்களை எண்ணிக் கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸுக்குப் போகிறவராம். "சில்லறை இல்லாமல் இந்த ஊரில் நோயாளியாக இருக்க முடியாது" என்றார்.

கழுத்தில் ஊசி போட்டுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். முடிவு இரண்டு வாரத்தில்.

ஜனவரி 13

கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

ஜனவரி 17

அக்கா தொலைபேசியில். "ஆட்டோ, டாக்ஸி எதுவுமா கிடையாது?" டாக்ஸியில் போய் வந்தால் இந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று சொன்னேன். அமைதியானாள். பிறகு கிராமம் எவ்வளவு பெரியது என்று கேட்டாள். 590 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே 426 தான். மக்கள்? மூவாயிரத்துக்கும் குறைவு. "அப்படியென்றால் பஸ் விடுவதே பெரிய விஷயம்" என்றாள். அவள் சொல்வது சரிதான், எரிச்சலாக இருந்தது.

கழுத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. தடுப்பூசி என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 24

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டது மதியம் தாண்டி வெகுநேரம் கழித்து. காத்திருப்பு அறையில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று இரண்டு நிமிடம் வேகம். நான் அந்த வேகமான கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகும் கடைசி பஸ்ஸை விட்டால் இரவு ஓட்டலில்தான். நாளைக் காலை எனக்கு வேலை. முதியோர் இல்லத்தில் ஓர் ஆள் குறைந்தால் குளிப்பாட்டும் வரிசையே குலைந்துவிடும்.

மருத்துவர் இளைஞர், நிதானமானவர். எனக்காக எளிய ஜப்பானியச் சொற்களைத் தேடித் தேடிப் பேசினார். வேறு எந்த நாளிலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இன்று ஒவ்வொரு சொல்லும் ஒரு நிமிடத்தைத் தின்றது. தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்றார். கெட்டது என்றும் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. காகிதத்தில் ஒரு கழுத்து வரைந்து, அதில் ஒரு வட்டம் போட்டார். "கேட்க வேண்டியது ஏதாவது உண்டா?" என்றார்.

உண்டு. இரண்டு வாரமாக ஒரே ஒரு கேள்விதான். பஸ்ஸுக்குப் பதினெட்டு நிமிடம். தரையெல்லாம் கண்ணாடிப் பனி. "இல்லை, நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன்.

பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் இருக்கையில் உட்கார்ந்து கழித்தேன். கேட்டிருக்கலாம். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தமிழில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். முனையைத் தாண்டியதும் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. 238ஆம் நெடுஞ்சாலையின் ஓரத்தில் உயரக் கம்பங்களில் கீழ்நோக்கித் தொங்கும் அம்புகள் உண்டு, சாலையின் விளிம்பு இதுதான் என்று காட்ட. ஓட்டுநர் ஓர் அம்பைக் கண்டு, அதன் அடி வரை ஊர்ந்து, அடுத்ததைத் தேடினார். யாரும் பேசவில்லை. பாட்டி தூங்கினார்.

ஜனவரி 25

கேள்வியைக் காகிதத்தில் எழுதிப் பணப்பைக்குள் வைத்தேன். ஆயிரம் யென் நோட்டுகளுக்கு நடுவில்.

ஜனவரி 29

பஸ் நிறுத்தத்தில் பாட்டி. வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். என்னைச் சிறுபிள்ளையைப் போலப் பார்த்தார். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, போனவுடன் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட வேண்டுமாம். தொலைவிலிருந்து வருகிறவர்களை முன்கூட்டிக் கூப்பிட்டுவிடுவார்களாம். "இது எல்லோருக்கும் தெரியும்" என்றார். எனக்கு யார் சொன்னார்கள்?

பிப்ரவரி 6

இரவு திடீரென்று விழித்துக்கொண்டேன். சத்தம் இல்லை. அதுதான் எழுப்பியது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன்: ஓகோட்ஸ்க் கடல் முழுக்கப் பனிக்கட்டி, அலையே கிடையாது. மூன்று மாதமாகக் காதில் இருந்த இரைச்சல் நின்றதும் என் மூச்சு எனக்கே கேட்கிறது. விழுங்கும்போது தொண்டையில் ஒரு சின்னச் சத்தம். முன்பே இருந்ததா?

பிப்ரவரி 11

நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். இன்று தேசிய விடுமுறை. கால அட்டவணையின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது: சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இந்த வண்டி இல்லை. வக்கனாயில் எனக்கு வேலை எதுவும் இல்லை. கடைத்தெருவில் மனிதர்களைப் பார்க்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

கால் விரல்கள் மரத்துப்போய்விட்டன.

பிப்ரவரி 14

காகிதத்தைக் கொடுத்தேன். வேலை செய்தது! பத்தே நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். கேள்வியை எடுத்து, எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். மருத்துவர் கவனமாகக் கேட்டார். "அதை அசாகிகாவாவில்தான் சொல்ல முடியும்" என்றார்.

பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

பிப்ரவரி 15

அசாகிகாவா. வக்கனாயிலிருந்து ரயிலில் 259.4 கிலோமீட்டர். விரைவு ரயில் நாளுக்கு மூன்று. பனி அள்ள வேண்டுமென்றால் அதுவும் நிற்கும். இங்கிருந்து முதல் பஸ் பிடித்து, ரயில் ஏறி, மருத்துவரைப் பார்த்து அன்றே திரும்ப முடியுமா என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். முடியாது. ஓர் இரவு கட்டாயம்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தை மாற்றிக்கொள்ளும்படி எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கும் அசாகிகாவாதான் போக வேண்டும். அங்கே போகத்தான் எனக்குக் கார் வேண்டும்.

பிப்ரவரி 21

வெள்ளிக்கிழமை. பாட்டி வரவில்லை.

பிப்ரவரி 26

புதன். வரவில்லை. ஓட்டுநரிடம் கேட்க வாயெடுத்தேன். வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. இறங்கும்போது பின்னால் ஆட்கள். குளிர்காலத்தில் சிலர் வக்கனாயிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுவார்கள் என்று இல்லத்தில் சொன்னார்கள். அப்படித்தான் இருக்கும். அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

வழியில் இன்டிகிர்கா நினைவுச் சின்னம். 1939 டிசம்பரில் இந்தக் கரையில் கவிழ்ந்த சோவியத் கப்பல். எழுநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தினமும் கடந்து போகிறேன். இன்று தலையைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 3

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. "எந்த பஸ்ஸில் போகிறாய், நேரத்தை அனுப்பு" என்றாள். ஓட்டுநர்கூட அவ்வளவு கவனமாகக் கேட்கமாட்டார்.

மார்ச் 7

நாளை மறுநாள் புறப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை! அட்டவணையின் அடிக்குறிப்பை இரண்டு முறை படித்தேன். நான் பிடிக்க வேண்டியது வேறு வண்டி, அது ஓடும். ரயிலுக்கு இடையில் நேரம் இருக்கிறது, காற்று விட்டுவைத்தால்.

பையில்: கடிதம், படங்கள் இருக்கும் வட்டு, இரண்டு ஜோடிக் காலுறை. ஆயிரம் யென் நோட்டுகள் ஒன்பது. நூறு யென் காசுகள் பதினொன்று. ஐம்பது இரண்டு. பத்து யென் காசுகளை இன்னும் எண்ணவில்லை.