மாத்திரையைச் சுற்றிக் கொடுக்கும் கடை

எங்கள் மெடிக்கலில் கருப்புக் கவர் கேட்டு வாங்கும் பொருள் இரண்டுதான். ஒன்று நாப்கின். இன்னொன்று மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. 2019-இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின் செய்தித்தாளில் சுற்றித் தருகிறேன். நாப்கின் வாங்க வரும் பெண்பிள்ளைகள் இப்போதெல்லாம் "சுத்த வேண்டாங்க்கா" என்று அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மாத்திரைக்காரர்கள் மட்டும் இன்னும் சுற்றச் சொல்கிறார்கள்.

கடை இருப்பது சேலம் அம்மாப்பேட்டை. ஆனால் அம்மாப்பேட்டைக்காரர்கள் இந்த மாத்திரையை என்னிடம் வாங்குவது அபூர்வம். அவர்கள் ஐந்து ரோட்டுக்கோ அஸ்தம்பட்டிக்கோ போவார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வருவார்கள். ஏற்காட்டில் எஸ்டேட் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி மாதாமாதம் வருகிறார்.

"மேல கடை இல்லையாங்கண்ணா?"

"இருக்குதும்மா. அங்க எல்லாரும் தெரிஞ்சவங்க. பொண்ணுக்கு வேற வரன் பாத்துட்டிருக்கோம்."

அதற்குமேல் நான் என்ன கேட்பது? வெட்கப்படாமல் வெளியே சொல்லுங்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். சுகர் மாத்திரை போடுகிறேன் என்று சம்பந்தி வீட்டில் சொன்னால் "எங்க வீட்லயும் ரெண்டு பேரு போடறாங்க" என்பார்கள். இதைச் சொன்னால் ஜாதகம் திரும்பி வரும். ஊருக்கு மறைப்பது அவரவர் இஷ்டம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது நோயாளியின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. எனக்குப் பொறுக்காதது, அந்த மறைப்பு வைத்தியத்தையே கெடுப்பதுதான்.

ஜி.எச். விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்க்கவும் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. ஆனாலும் என்னிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஏனென்றால் அங்கே வரிசையில் நிற்கும்போது யாராவது பார்த்துவிடுவார்களாம். இந்த பயத்தால் எனக்கு வியாபாரம் நடக்கிறது, அதை ஒளிப்பானேன்.

பட்டு நெய்யும் ஒருவருக்குத் தூக்கம் போனது. தறிக்குழியில் காலை வைத்தாலே அழுகை வருகிறது என்றார் அவர் மனைவி. முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆடியில் நானும்தான் கூழ் ஊற்றுகிறேன். ஒருவழியாக டாக்டரிடம் போய் எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதி வாங்கி வந்தார்கள். முதல் வாரமே "ஒண்ணும் கேக்கலையே" என்று மனைவி வந்து நின்றார். இது காய்ச்சல் மாத்திரை மாதிரி அன்றைக்கே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம்வரை பொறுக்க வேண்டும். பொறுத்தார்கள். அவர் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார்.

அங்கேதான் வினை. "நல்லாத்தான இருக்கான், இன்னும் எதுக்குப் பைத்தியத்துக்குப் போடற மாத்திரை" என்று அவருடைய அம்மா அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். சில நாளில் தலைசுற்றல், எரிச்சல். "பாத்தியா, அடிமையாக்கி வெச்சிருச்சு" என்று வீடே சொன்னது. உண்மையில் இந்த வகை மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் பலருக்கு அப்படித்தான் செய்யும். சரியான பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது டாக்டரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். இதைக் கடைத் திண்ணையில் உட்காரவைத்து அந்த அம்மாவிடம் நிதானமாகச் சொன்னேன். மறுபடி டாக்டரைப் பார்த்தார்கள். இப்போது மாத்திரை வாங்க அந்த அம்மாவேதான் வருகிறார். "எம்பையனோட பிரஷர் மாத்திரை குடு கண்ணு" என்பார். நான் திருத்துவதில்லை. நேரத்துக்கு உள்ளே போனால் சரி.

இன்னொரு பயம், நோட்டு. பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் மாதிரி மருந்து கொடுத்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதிவைக்க வேண்டும். அந்த நோட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிடும். "போலீஸுக்குப் போகுமாங்க?" போகாது. அட்டவணை எச்1 என்று அரசு தனிப் பட்டியல் போட்டிருக்கும் மருந்துகளுக்கெல்லாம் உள்ள விதி இது. 2014-இலிருந்து நடக்கிறது. டி.பி. மாத்திரையும் அதே நோட்டில்தான், பிள்ளைகளுக்குச் சளிக்கு எழுதும் செஃபிக்ஸைமும் அதே நோட்டில்தான். பெயர் இருக்கும் பக்கத்தைக் கையால் மறைத்து, மருந்து வரிசையை மட்டும் காட்டுவேன். அதைப் பார்த்தபிறகுதான் மூச்சு விடுவார்கள்.

தலைவலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதியிருப்பார்கள். அதைப் போனில் தேடி, மனச்சோர்வு மருந்து என்று பார்த்துவிட்டு "என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டாரா டாக்டர்?" என்று சண்டைக்கு வருபவர்கள் தனி ரகம். ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் குறைந்த அளவில் அது வெகு காலமாகக் கொடுக்கப்படும் மருந்து.

கடைப் பையனுக்கு நான் போட்டிருக்கும் சட்டம் சின்னது. சீட்டிலிருக்கும் பெயரை உரக்கப் படிக்காதே. "இது எதுக்குண்ணா?" என்று கேட்காதே. சுகர் மாத்திரை எடுக்கிற அதே முகத்தோடு எடுத்துக் கொடு.

ஜிபே பண்ணும் கியூ.ஆர். அட்டைக்குப் பக்கத்தில் 14416 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். 2022-இல் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் அது. ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்த இடத்தைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். பணம் கட்டுகிற சாக்கில் போனைத் தூக்கினால், எதைப் படம் பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. போன வாரம் யாரோ அந்தத் தாளையே பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பையனுக்குக் கோபம். நான் புதிதாக ஒன்று அச்செடுத்து, கீழ் ஓரத்தில் எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதி, பிய்க்க வாகாகத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறேன்.