தானே ஒட்டிக்கொள்ளும் தொடு உணரி: அழுத்தத்தையும் வெட்டையும் பிரித்தறிய ஒரு முயற்சி

அறுந்த இடத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும் ஜெல்லைத் தயாரிப்பது அப்படியொன்றும் கடினமன்று. அதிலிருந்து வரும் அளவீட்டை வைத்து, நடந்தது விரலின் அழுத்தமா, கத்தியின் வெட்டா என்று தீர்மானிப்பதுதான் கடினம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவோவின் குழு 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நிக்கல் துகள்கள் கலந்த பாலிமர், அறுத்துச் சேர்த்த 15 நொடிகளில் தன் மின்கடத்தும் திறனில் சுமார் 90 சதவீதத்தை மீட்டது. இயந்திர வலிமை மீள்வதற்கு ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆயின. அந்தப் பாலிமரை வீட்டில் தயாரிக்க இயலாது என்பதால், பாலிவினைல் ஆல்கஹாலும் போராக்ஸ் என்னும் வெண்காரமும் சேர்ந்த ஜெல்லை எடுத்துக்கொண்டேன்.

100 மில்லிலிட்டர் நீரில் 8 கிராம் பாலிவினைல் ஆல்கஹாலைச் சூட்டில் கிளறிக் கரைத்து ஆறவிட்டு, 4 சதவீத வெண்காரக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், கிளறிக்கொண்டிருக்கும்போதே கலவை திரண்டு கரண்டியைப் பிடித்துக்கொள்கிறது. போரேட் அயனிகள் பாலிமர் சங்கிலிகளின் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பிணைக்கின்றன. இப்பிணைப்புகள் ஓயாமல் அவிழ்ந்து மீண்டும் சேர்வதால், அறுபட்ட இரு முகங்களும் தொட்டாலே போதும், அவற்றுக்கிடையே புதிய பிணைப்புகள் உருவாகிவிடும். அதே காரணத்தால் ஜெல் மெதுவாக வழியவும் செய்கிறது. மூடிய தட்டில் இரவு முழுவதும் விட்டுவைத்தால் அது தானே மட்டமாகிக் குமிழிகளும் வெளியேறிவிடுவதால், இந்தக் குணம் வார்ப்புக்கு வசதிதான், உணரிக்குத்தான் தொல்லை. உலர்வதைத் தடுக்கக் கிளிசரின் சேர்க்கலாம். ஆனால் கிளிசரினும் போரேட்டோடு பிணையக்கூடியது என்பதால், அளவு கூடினால் பாலிமருக்குச் சேரவேண்டிய பிணைப்புகள் குறைந்து ஜெல் கூழாகிவிடும். வெண்காரம் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள். கையுறை அணிந்து, சமையல் பாத்திரங்களைத் தவிர்த்துச் செய்வதே முறை.

முதலில் ஒரே பட்டையின் இரு முனைகளிலும் கம்பிகளைச் செருகி மின்தடையை அளந்தேன். யாரும் தொடாதபோதே அளவீடு நகர்ந்துகொண்டிருந்தது. கம்பியைச் சுற்றி நுண்குமிழிகள் தோன்றின. இங்கே மின்னோட்டத்தைச் சுமப்பவை அயனிகள்; நீரை மின்னாற்பகுக்க 1.23 வோல்ட் போதும் எனும்போது, 5 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் வேறென்ன நடக்கும்? மின்னோட்டத்தின் திசையை விடாமல் மாற்றிக்கொண்டே அளந்தபோது நகர்வு பெரிதும் அடங்கியது. ஆனால் அடிப்படைச் சிக்கல் அப்படியே நின்றது. அழுத்தினால் பட்டை மெலிந்து மின்தடை கூடுகிறது. பாதி வெட்டினாலும் மின்தடை கூடுகிறது. விரலை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பினால் அழுத்தம், திரும்பாவிட்டால் சேதம் என்று பிரிக்கலாம் எனப் பார்த்தால், நீண்ட நேரம் அழுத்திய இடத்தில் ஜெல் வழிந்து பள்ளமாகவே நின்றுவிடுகிறது.

ஆகவே, இரு கடத்திகளுக்கு நடுவே மின்கடத்தாப் படலம் வைத்து மின்னேற்றத்தைச் சேமிக்கும் மின்தேக்கி அமைப்புக்கு மாறினேன். இரண்டு ஜெல் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய சிலிகோன் படலம் ஒன்றை வைத்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரே முனையில் மட்டும் இணைப்புக் கொடுத்தேன். அழுத்தினால் இடைவெளி குறைந்து மின்தேக்குத் திறன் கூடும். வெட்டினால், வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி இணைப்பை இழப்பதால் அது குறையும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதே இந்த அமைப்பின் சிறப்பு. எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து வெட்டு ஏறத்தாழ எந்த இடத்தில் விழுந்தது என்பதையும் கணிக்கலாம். 2 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் பரப்பும் 0.1 மில்லிமீட்டர் படலமும் இருந்தால் கணக்குப்படி சுமார் 250 பைக்கோஃபாரட் கிடைக்கும். 10 மெகா ஓம் மின்தடை வழியாக மின்னேற்றினால் மின்னேற்றத்தின் வேகத்தைக் காட்டும் நேர மாறிலி 2.5 மில்லிநொடி, இதை அர்டுயினோ என்னும் நிரலெழுதக்கூடிய சிறு மின்னணுப் பலகையே அளந்துவிடும். மேல்பட்டையைத் தரையிணைப்பில் வைத்ததால், அழுத்தாமல் வெறுமனே அருகில் வரும் விரல் அளவீட்டைக் குழப்புவதில்லை.

சமதளப் படலம் அழுத்தத்துக்கு அசைந்துகொடுக்கவில்லை. சிலிகோன் எளிதில் வளையுமே தவிர, பருமன் சுருங்காது. பக்கவாட்டில் விரிய இடமில்லாதபோது மெலிவதும் இல்லை. உப்புத்தாளின் மேல் வார்த்து உரித்த சொரசொரப்பான படலத்தில் காற்றிடைவெளிகள் கிடைத்தன; ஆனால் சில மணி நேரத்தில் ஜெல் அவற்றுக்குள் வழிந்து நிரப்பிவிட்டது. இரண்டு படலங்களைச் சொரசொரப்பான பக்கங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்து விளிம்புகளை ஒட்டிய பிறகே, இலேசான அழுத்தமும் தெளிவாகப் பதிவாகிறது.

வெட்டைப் பதிவுசெய்வதில் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். கூரான எஃகு பிளேடால் கீழ்ப்பட்டையை முழுதாக அறுத்தும் அளவீடு ஏறக்குறைய அசையவில்லை. பிளேடு உள்ளே இருக்கும்வரை உலோகமே இரு துண்டுகளையும் இணைக்கிறது. அதை எடுத்த கணமே ஜெல்லின் முகங்கள் தொட்டுக்கொள்கின்றன. பிளாஸ்டிக் தகட்டால் அறுத்து, பட்டையைச் சற்று இழுத்துப் பிடித்தபோதுதான் அளவு சட்டென்று விழுந்தது. முகங்களைச் சேர்த்ததும் உடனே மீண்டது. ஆயினும் அந்த நிலையில் இலேசாக இழுத்தாலே பட்டை அதே இடத்தில் பிரிந்தது. மின்னிணைப்பு மீண்டதை வலிமை மீண்டதாகக் கொள்ள முடியாது என்பதால், வீழ்ச்சி பதிவானால் அளவு மீண்ட பிறகும் 15 நிமிடங்களுக்கு எச்சரிக்கை நீடிக்குமாறு நிரலை மாற்றியிருக்கிறேன்.

ஊசி படலத்தையும் துளைத்துவிட்டால் மேல், கீழ் ஜெல்கள் துளை வழியே வழிந்து ஒன்றாகி மின்குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) உண்டாகிறது. அப்போது மின்னேற்றமே முடிவதில்லை என்பதால், அதைத் தனிவகைச் சேதமாக நிரல் எளிதில் அடையாளம் காண்கிறது. ஆனால் அதைச் சரிசெய்ய அடுக்குகளைப் பிரித்துப் படலத்தை மாற்றியே ஆகவேண்டும். படலத்துக்கும் தானே ஒட்டிக்கொள்ளும், ஆனால் வழியாத ஒரு பொருளைத் தேடுவதே அடுத்த வேலை.